புரதம் குறைச்சாச்சு, எடையும் இறங்குது, யூரியாவும் ஏறுது: கலோரிக்கு என்ன வழி?

காவேரிக்கரை:

மாமனாருக்கு வயசு 64, உயரம் 166 செ.மீ. நாள்பட்ட சிறுநீரக பாதிப்பு. சர்க்கரை வியாதி கிடையாது, பி.பி. மட்டும். கிரியாட்டினின் (தசையிலிருந்து ரத்தத்துக்கு வரும் கழிவு) 3.1, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 22, பொட்டாசியம் 5.4. டயாலிசிஸ் ஆரம்பிக்கலை. புரதம் 36 கிராம், உப்பு 5 கிராம், பொட்டாசியம் குறைவான காய்கறி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

மூணு மாசத்தில் எடை 60-லிருந்து 55. யூரியா 78-லிருந்து 104. இத்தனைக்கும் எல்லாம் குறைத்துத்தான் தருகிறோம்: காலை 3 இட்லி, 11 மணிக்கு 30 கிராம் ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒன்றரை கப் சாதம், வேகவைத்து வடித்த காய், மோர், சாயங்காலம் 2 பிஸ்கட், ராத்திரி எண்ணெய் தொடாத 2 சப்பாத்தி. நாள் முழுக்க எண்ணெய் 2 டீஸ்பூன்தான். புரதத்தை இன்னும் குறைக்கணுமா?

அளவுக்கரண்டி:

குறைக்காதீங்க. நீங்க எழுதின பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 1000 கலோரி, 28 கிராம் புரதம். எழுதிக் கொடுத்த 36-ஐக்கூட அவர் எட்டலை.

இந்த நிலைக்கு ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 35 கலோரி என்பதுதான் 2020-ல் வந்த அமெரிக்க சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டுதலின் கணக்கு. நடுவில் 30 வைத்தால் 60 கிலோவுக்கு 1800. எடை 60 என்றே போடுங்க. இப்போதைய 55-ஐப் போட்டால், எடை இறங்க இறங்க இலக்கும் கூடவே இறங்கிக்கிட்டே போகும்.

யூரியா ஏறுவதற்கு சிறுநீரகமே இன்னும் மோசமானதும் காரணமா இருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்லணும். ஆனா எடையும் சேர்ந்து இறங்கும்போது முதல் சந்தேகம் பட்டினி மேலதான். அடுப்புக்கு விறகு பத்தலைன்னா உடம்பு தன் தசையையே உடைத்து எரிக்கும். அதுவும் புரதம்தானே, கழிவு யூரியாவாகத்தான் வரும். தட்டில் குறைத்த புரதம் தொடையிலிருந்து போகுது.

இன்னொரு ஏமாற்று வேலை இருக்கு. தசை கரைந்தால் கிரியாட்டினின் தானாகவே கொஞ்சம் இறங்கும். அடுத்த ரிப்போர்ட்டில் 3.1 என்பது 2.9 ஆனால் சந்தோஷப்படாதீங்க, எடையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. காலில் வீக்கம் இருந்தால் எடையும் பொய் சொல்லும். ரத்தத்தில் பைகார்பனேட் பார்த்தாச்சா? 22-க்குக் கீழே இருந்தால் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்குன்னு அர்த்தம், அந்த அமிலத்தன்மையே தசையைக் கரைக்கும், அதற்குத் தனி மருந்து உண்டு.

இனி சிக்கலின் முடிச்சு. பசிக்குதுன்னு சாதத்தையும் சப்பாத்தியையும் மட்டும் கூட்டினால் புரதக் கணக்கு அதிலேயே தீர்ந்துடும். அரிசியில் 100 கிராமுக்கு 356 கலோரி, சுமார் 8 கிராம் புரதம். 1800 கலோரியையும் சாதமாகவே சாப்பிட்டால் புரதம் 40 ஆயிடும், பாலுக்கும் பருப்புக்கும் இடமே இருக்காது. கோதுமை இதைவிட அதிகம், ஓட்ஸ் அதற்கும் மேல. "ராத்திரிக்கு சப்பாத்தி" என்பது சர்க்கரைக்காரங்களுக்குச் சொன்னது, இங்கே வந்து ஒட்டிக்கிட்டது. புரதமே இல்லாத கலோரிதான் உங்களுக்கு வேணும்: எண்ணெய், ஜவ்வரிசி, ஆரோரூட் மாவு, அளவாக சர்க்கரை.

ஒரு நாளைக்கு இப்படிப் போடலாம். எல்லாம் சமைக்காத எடை. அரிசி அல்லது அரிசி மாவு 160 கிராம் (570 கலோரி, 13 கிராம் புரதம்). ஜவ்வரிசி 100 கிராம் (350, புரதம் இல்லைன்னே வைங்க). எண்ணெய், நெய் சேர்த்து 45 மி.லி. (370). சர்க்கரை 30 கிராம் (120). பாலும் தயிருமாக 250 மி.லி. (170, 8 கிராம்). ஒரு முட்டை (75, 6 கிராம்). துவரம்பருப்பு 20 கிராம் (65, நாலரை கிராம்). காய் 200 கிராம், ஒரு சின்ன ஆப்பிள், இரண்டும் சேர்ந்து 100 கலோரி, மூன்றரை கிராம். மொத்தம் 1820 கலோரி, 35 கிராம் புரதம். முட்டை ஆகாதுன்னா பருப்பையும் தயிரையும் கொஞ்சம் கூட்டிக்கலாம், ஆனா பொட்டாசியம் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான்.

இதை அப்படியே டயட்டீஷியன்கிட்ட காட்டி சரிபார்த்துட்டு ஆரம்பிங்க.

வெண்கலப்பானை:

மேலே சொன்ன கணக்கு வாய்க்குள் போற வழி எனக்குத் தெரியும். ஜவ்வரிசி கஞ்சியை மட்டும் தினமும் கொடுத்தால் நாலாம் நாள் தள்ளிவிட்டுடுவார்.

உப்புமாவுக்கு மாவு ஜவ்வரிசி வாங்குங்க, நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்கு இருக்கட்டும். 60 கிராமை இரண்டு மூன்று தடவை அலசி, அந்த வெள்ளைத் தண்ணி போகணும். அப்புறம் ஜவ்வரிசி மட்டத்துக்குத்தான் தண்ணி, ஒரு விரக்கடை மேலே நின்னா கூழ்தான் மிஞ்சும். நாலு மணி நேரம் கழித்து ஒரு மணியை விரலால் நசுக்கிப் பாருங்க, நடுவில் கெட்டியில்லாமல் மசியணும். வடக்கே இதில் வேர்க்கடலைப் பொடி போட்டுத்தான் உதிராக எடுப்பாங்க. கடலையில் புரதமும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் இருப்பதால் நமக்கு வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். அதுக்குப் பதில் ஊறின ஜவ்வரிசியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசிறி வைங்க, ஒட்டாது. இன்னும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, சீரகம், பச்சை மிளகாய், வெங்காயம், வேகவைத்து வடித்த கோஸ் தாளித்து, ஜவ்வரிசியைப் போட்டு சின்ன தீயில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை கிளறுங்க. இறக்கி எலுமிச்சை பிழிங்க. 350 கலோரி, புரதம் ஒன்றரை கிராம்கூட வராது.

காலைக்கு இட்லிக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் இடியாப்பம். 50 கிராம் அரிசி மாவு, 20 கிராம் தேங்காய்த் துருவல், 2 டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் நெய். 330 கலோரி வந்துடும், 3 இட்லியில் பாதிதான் வரும்.

நெய்யை ஆவி பறக்கிற சாதத்தில் விட்டுப் பிசைஞ்சிடுங்க. ஆறின சாதத்தில் மேலாகத் தெரிஞ்சா குமட்டும். வடித்த காயை வெறுமனே வைக்காமல் 2 டீஸ்பூன் எண்ணெயில் திரும்ப வதக்கணும். உப்பு போடாம ஊற்றின ஜவ்வரிசி வடாம் பொரிச்சுக் கொடுத்தால் அப்பளத்தைத் தேட மாட்டார். அப்பளம் கூடவே கூடாது, உப்பும் அப்பளக்காரமும் சேர்ந்து மொத்தமும் சோடியம்.

காவேரிக்கரை:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கில் செய்வதுதானே, கிழங்கு கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே? அப்புறம் சொந்தக்காரங்க கேழ்வரகுக் கூழ், இளநீர், வாழைத்தண்டுச் சாறுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. இத்தனை எண்ணெய் இதயத்துக்கு ஆகுமா என்றும் பயமா இருக்கு.

அளவுக்கரண்டி:

கிழங்கு வேற, ஜவ்வரிசி வேற. 100 கிராம் மரவள்ளியில் பொட்டாசியம் 270 மி.கி. அளவு இருக்கும். அதை அரைத்து, தண்ணீரில் அலசி, அடியில் படிகிற மாவை மட்டும் எடுத்துத்தான் ஜவ்வரிசி உருட்டுறாங்க, பொட்டாசியம் அந்தத் தண்ணியோடயே போயிடும். மிஞ்சுவது 10 மி.கி. சொச்சம்.

கேழ்வரகில் பொட்டாசியம் பாலிஷ் அரிசியைவிட ஏறக்குறைய நாலு மடங்கு, பாஸ்பரஸ் இரண்டு மடங்கு. எல்லாருக்கும் நல்லது என்பது இவருக்கு நல்லதில்லை. ஒரு இளநீரில் கிடைப்பது 50 கலோரி, கூட வருவது 500 மி.கி.க்கு மேல் பொட்டாசியம். 5.4-ல் இருப்பவருக்கு அது விளையாட்டில்லை. வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்குச் சொல்ற வீட்டு வைத்தியம், இது கல் இல்லை. நட்சத்திரப் பழத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க, அதன் நச்சை இவங்க சிறுநீரகம் வெளியேற்றாது. விடாத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும்.

எண்ணெய்க்கு: நெய் நாளைக்கு 2 டீஸ்பூனோடு நிறுத்தி, மிச்சம் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி என்று மாற்றி மாற்றி. 45 மி.லி. என்பது 9 டீஸ்பூன். காலையிலேயே ஒரு கிண்ணத்தில் அளந்து தனியே வைத்து, ராத்திரிக்குள் அது காலியாகணும்னு வைங்க. கண்ணளவில் ஊற்றினால் சமைக்கிறவங்க பயத்தில் பாதிதான் விழும்.

மருந்துக்கடை பெஞ்ச்:

உப்பைப் பற்றி யாரும் சொல்லலை. "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட்டில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், பின்பக்கம் படிச்சுப் பாருங்க. காய்களை மெனக்கெட்டு வடிச்சுட்டு அதே பொட்டாசியத்தைக் கரண்டியால் போட்ட கதையாகிடும். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், தனிச் சலுகை கிடையாது. சாதா உப்பே 5 கிராம், ஒரு டீஸ்பூன், அளந்து போடுங்க.

ஜவ்வரிசியும் வடித்த காயும் மட்டும் போனால் மலச்சிக்கல் வரும். சிறுநீரகம் தளர்ந்தவங்களுக்குப் பொட்டாசியத்தில் ஒரு பங்கு குடல் வழியாத்தான் வெளியேறுது, அதனால் மூணு நாள் போகலைன்னா பொட்டாசியமும் ஏறும். பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ தினமும் இருக்கட்டும். பத்தலைன்னா இசப்கோல் (நார்ச்சத்துத் தூள்) பற்றி டாக்டரிடம் கேளுங்க, தண்ணீர் அளவு கட்டுப்பாடு இருந்தால் முக்கியமா.

இதைப் படிக்கிற மற்றவங்களுக்கு: சர்க்கரை வியாதி இருந்தால் இந்தப் பட்டியல் செல்லாது, ஜவ்வரிசி குளுக்கோஸை விறுவிறுன்னு ஏற்றிடும். டயாலிசிஸ் ஆரம்பிச்சவங்களுக்குக் கணக்கே தலைகீழ், புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேணும்.

காவேரிக்கரை, வாரம் ஒரு நாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே தராசில் எடை எழுதி வைங்க. இரண்டு வாரத்தில் இறங்குவது நிற்கணும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது, வாயில் உலோக ருசின்னு சொன்னால் சமையலை மாற்றிப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் நெஃப்ராலஜிஸ்டை (சிறுநீரக டாக்டரை) பாருங்க.