கண் முளைக்கும் முன்பே வெளிச்சம் அறியும் கரு

ஊதாப்புள்ளி:
நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஜீப்ரா மீன்தான் எல்லாமே. நம் கலர் மீன் கடைகளில் கிடைக்கும் அதே மீன். சொந்த ஊர் கங்கைச் சமவெளிப் பக்கம். அறையில் 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. மாலையில் ஆணையும் பெண்ணையும் நடுவே தடுப்பு வைத்து ஒரே தொட்டியில் விடுவோம். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால், சற்று நேரத்தில் முட்டைகள் வலைக்குக் கீழே உதிரும்.

அந்த முட்டைக்குள் இரவு பகல் எப்போது பிறக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. மெலடோனின் இரவில் கூடும் ஹார்மோன். தலை உச்சியில் இருக்கும் பீனியல் சுரப்பிதான் அதைச் சுரக்கிறது. அதைத் தயாரிக்கும் நொதியின் மரபணு, கருவுற்று 22 மணி நேரம் ஆகும்போதே பீனியலில் தலைகாட்டிவிடும். கருவுக்குச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஊசிமுனை அளவில் ஓர் ஊதாப் புள்ளி. இரவில் எடுத்த கருவில் அது அடர்த்தியாக இருக்கும், பகலில் எடுத்ததில் வெளிறியிருக்கும். முதலிலிருந்தே அலுமினியத் தாளில் சுற்றி இருட்டிலேயே வளர்த்த கருக்களில் அந்த ஏற்ற இறக்கமே இல்லை. சுரப்பி இருக்கிறது, மரபணு இருக்கிறது, தாளம் மட்டும் இல்லை! அந்த வரிசையைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

2006இல் டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் பெரிது. கருவுற்ற முதல் சில மணி நேரத்தில், கண்ணோ பீனியலோ உருவாகும் முன்பே, வெளிச்சம் பட்டாலே போதும். பிற்பாடு இருட்டில் வளர்ந்தாலும் தாளம் வந்துவிடுகிறது. வெளிச்சம் தூண்டிவிடும் பீரியட்-2 மரபணுவை முடக்கினால் வருவதில்லை. இந்த மீனின் சாதாரண செல்களே வெளிச்சத்தை நேரடியாக உணரும் என்பது 2000இலேயே தெரிந்திருந்ததால், இது எப்படி நடக்கிறது என்பது எங்களுக்குப் புரிந்தது.

குளிர்நீர்:
ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சு பொரிப்பகத்தில் இருந்தேன். அங்கே முட்டைத் தட்டுகளை மூடித்தான் வைப்போம், நேர் வெளிச்சம் ஆகாது. இயற்கையிலும் அது சரளைக்கல்லுக்கு அடியில் கிடக்கும் முட்டைதானே. ட்ரவுட்டின் பீனியலுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. இருட்டு இருக்கும்வரை மெலடோனின் சுரந்துகொண்டே இருக்கும்.

மாடித்தொட்டி:
வீட்டில் ஜீப்ரா வளர்க்கிறேன் அக்கா. முட்டையை அதுகளே தின்றுவிடாமல் இருக்க அடியில் கோலிக்குண்டு பரப்பியிருக்கிறேன். மூன்றாம் நாள் குஞ்சுகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரியும் லைட் எரிந்தால் சீக்கிரம் வளரும் என்கிறார்களே, உண்மையா?

ஊதாப்புள்ளி:
வேண்டாம் தம்பி. விடிய விடிய வெளிச்சம் இருந்தால் மெலடோனினின் இரவு ஏற்றம் அமுங்கிவிடும். மெலடோனின் கொடுத்த ஜீப்ரா கருக்களில் செல் பெருக்கம் கூடி வளர்ச்சி வேகமானதாக 2004இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. லைட்டுக்கு ஒரு டைமர் பிளக் வாங்கிப் போடுங்கள், 14 மணி நேரம் வைத்தால் போதும்.