கதிர்வீச்சுக்குப் பின் அம்மாவின் சிறுநீரகப் பாதிப்பு: பயாப்சி பற்றி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

நாங்கள் திருவையாறு பக்கம். 58 வயதான என் அம்மாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பின் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை 3 முறை ஏற்றி, 25 நாள் கதிர்வீச்சும் (மொத்தம் 45 கிரே) கொடுத்து 2024 பிப்ரவரியில் முடித்தார்கள். அப்போது 0.9 இருந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவு) 11 மாதத்தில் 2.3 ஆகிவிட்டது. இரத்த அழுத்தம் 170/100, சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின் 8.4. கால் வீக்கத்தில் மெட்டி புதைந்து, சோப்பு போட்டும் கழலவில்லை.

ஸ்கேனில் அடைப்பு இல்லை. கதிர்வீச்சுப் பாதையில் இருந்த இடது சிறுநீரகம் மட்டும் சிறுத்திருக்கிறது. வலி மாத்திரைகளை நிறுத்தி, உப்பைக் குறைத்து, ராமிப்ரில் என்ற இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதில் அழுத்தம் 140க்கு வந்தது, ஆனால் பொட்டாசியம் 5.6க்கு ஏறியதால் அந்த மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்கள். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கச் சொல்லாதவர் எங்கள் தெருவில் இல்லை. பொட்டாசியத்துக்குப் பயந்து கொடுக்கவில்லை.

கதிர்வீச்சுப் பாதிப்பு பல மாதம் கழித்தே தெரியும் என்கிறார் புற்றுநோய் மருத்துவர். சிஸ்பிளாட்டின்தான் காரணம் என்கிறார் சிறுநீரக மருத்துவர். பயாப்சி (ஊசியால் சிறுநீரகத் திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) செய்தால் தெளிவாகலாம், ஆனால் நன்றாக இருக்கும் வலது சிறுநீரகத்தில் ஊசி போடத் தயக்கமாக இருக்கிறது.

இதே நிலையில் பயாப்சி செய்துகொண்டவர்களுக்கு, முடிவு வந்தபின் சிகிச்சை உண்மையிலேயே மாறியதா?