வெடெல் கடல்: 1823-ல் விட்டது, 1915-ல் ஏன் நசுக்கியது?

கேத்தி_குளிர்:
பள்ளிக் கண்காட்சிக்கு அண்டார்க்டிகாவின் வெடெல் கடலை எடுத்திருக்கோம். 1823 பிப்ரவரியில ஜேம்ஸ் வெடெல் 160 டன் பாய்மரக் கப்பல்ல தெற்கு 74 டிகிரி தாண்டிப் போய்த் திரும்பிட்டார். 1915-ல துருவப் பயணி ஷாக்கிள்டனோட எண்டூரன்ஸ் கப்பல் அங்கே பனியில நொறுங்கிடுச்சு. அதே கடல்தானே? அப்புறம், கடல்நீர் உறையறதைக் காட்ட ராத்திரி ஊட்டி பக்கம் தலைகுந்தா புல்வெளியில தட்டு வெச்சா போதுமா?

பழைய_மாலுமி:
அந்தக் கடல் கடிகாரச் சுற்றா சுழலுதுங்க. கிழக்கே சேர்ற பனி மேற்கே அண்டார்க்டிகா தீபகற்பத்துல முட்டி, ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது. கோடையிலும் அந்தப் பக்கம் முழுசா உருகாது. வெடெலுக்கு வாய்ச்சது பனி விலகின வருஷம். அதோட பிப்ரவரி 20-லயே கப்பலைத் திருப்பிட்டார். எண்டூரன்ஸ் ஜனவரியில மாட்டி, பனியோடவே நகர்ந்து, நவம்பர் 21 மூழ்குச்சு. மாட்டினாலே சாவுன்னு எழுதிடாதீங்க: 1912-ல ஜெர்மன் பயணி ஃபில்க்னரோட கப்பலும் அங்கே எட்டு மாசம் போல சிக்கி, முழுசா வெளியே வந்தது.

கொட்டாங்கச்சி:
கப்பல் வடிவமும் உண்டு. நார்வே துருவப் பயணி நான்சனோட ஃபிராம் கப்பலுக்கு அடி உருண்டை, பனி இறுக்கினா மேலே எழும்பும். எண்டூரன்ஸுக்கு அது இல்லை; சுக்கானும் அதைத் தாங்குற பின்தூணும் பிடுங்கினதும் தண்ணி உள்ளே வந்துடுச்சு. ரெண்டு சோப்புக்கட்டி நடுவுல அரைக் கொட்டாங்கச்சியை வெச்சு அழுத்துங்க, வழுக்கி ஏறும். தீப்பெட்டி அப்பளமாயிடும்.

கண்டல்வாசி:
தலைகுந்தா வேலைக்கு ஆகாது சார். உறைபனி விழுதுன்னா புல் நுனி குளிர்ந்திருக்கு, அவ்வளவுதான். கடல்நீர் உறைய மைனஸ் 2 டிகிரி போல வேணும். நல்ல தண்ணி 4 டிகிரிக்குக் கீழே லேசாகி மேலேயே தங்கும். உப்புத்தண்ணி உறையிற வரைக்கும் கனத்துக் கீழே இறங்கிட்டே இருக்கும், மொத்தமும் குளிரணும்.

லிட்டருக்கு 35 கிராம் உப்பு. பிளாஸ்டிக் டப்பாவுல முக்கால் பங்குதான், நிரப்பினா விரிஞ்சு வெடிக்கும். பக்கமும் அடியும் தெர்மாகோல் சுத்தி மேலே திறந்து ஃப்ரீசர்ல வைங்க. பாதி உறைஞ்சதும் எடுத்து, மிச்சத் தண்ணியைக் கொட்டி, ஐஸைச் சட்டுனு நல்ல தண்ணியில அலசி உருக்கிச் சுவைங்க: கரிப்பு குறைஞ்சிருக்கும். பனி ஒதுக்கின அந்த உப்புத்தண்ணிதான் வெடெல் கடல் அடிக்கு இறங்குது. முழுசா உறைய விட்டா உப்பும் உள்ளேயே மாட்டிக்கும், ஒண்ணும் தெரியாது.

கேத்தி_குளிர்:
நன்றிங்க. அந்த உப்பு ஐஸ் டப்பாவை ஐஸ் பெட்டியில சாதா ஐஸ் சுத்தி வெச்சுக் கண்காட்சிக்கு எடுத்துட்டுப் போகலாமா?

கண்டல்வாசி:
வேண்டாம். சாதா ஐஸ் உருகறப்ப 0 டிகிரியிலயே நிக்கும், உப்பு ஐஸ் அதுக்கு முன்னாடியே இளகிடும். மூணு பங்கு ஐஸ் தூளுக்கு ஒரு பங்கு கல்லுப்பு கலந்து சுத்தி வைங்க. டப்பாவை மூடியிருங்க, உப்பு உள்ளே போயிடப் போகுது.