மான் கொம்பு ஆயுதம்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

சிலம்பம் கற்ற நாட்களில், ஆசான் வீட்டு உத்தரத்தில் காவித்துணி சுற்றிச் செருகியிருந்த மான் கொம்பை ஆயுத பூசை அன்று மட்டுமே இறக்குவார்கள். இரு கொம்புகளின் அடிப்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படியவும், நுனிகள் எதிரெதிர்த் திசையில் நீளவும் வைத்து, இரண்டு இடங்களில் ஆணி அறைந்து இறுக்கியிருந்தார்கள். நுனிகளில் இரும்புப் பூண் இருந்தது. கைப்பிடியாகிய நடுப்பகுதியில் கொம்பின் வளையங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. பிடியை விட்டுச் சற்றே தள்ளித் தடவினால் அதே வளையங்கள் விரலில் நெருடின.

மான் கொம்பு என்று பெயர் இருந்தாலும், இதற்குரிய விலங்கு புல்வாய், அதாவது இரலை (ஆங்கிலத்தில் பிளாக்பக்). மானின் கொம்பு கிளைவிடும், ஆண்டுதோறும் உதிரும். இரலையின் கொம்பு கிளைப்பதும் இல்லை, உதிர்வதும் இல்லை. உள்ளே எலும்பும் அதன்மேல் நகத்தை ஒத்த உறையுமாக வளரும் அக்கொம்பைச் சங்கப் புலவர் ஒருவர் முறுக்கிய இரும்புக்கு ஒப்பிட்டது எவ்வளவு பொருத்தம் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. ஆசானிடம் இருந்தது எலும்பு நீக்கிய உறை என்பதால், பார்வைக்கு இரும்பாகவும் கைக்குப் பஞ்சாகவும் இருந்தது.

அதுவரை அதைக் குத்தும் ஆயுதமாக மட்டுமே எண்ணியிருந்தேன். ஆசான் அதை இடக்கையில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, கம்பால் அடிக்கச் சொன்னார். நான் ஓங்கி அடித்த கம்பு கொம்பின் முறுக்கில் வழுக்கி வெளிப்பக்கம் ஓடியது. அதை இழுத்து நிறுத்துவதற்குள், மணிக்கட்டை அவர் சிறிது திருப்பியதில் மறுநுனி என் விலா எலும்புக்கு அருகில் வந்து நின்றது. தடுப்பும் குத்தும் ஒரே அசைவில் முடிந்துவிட்டன.

*

முதல் பதிவில் ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் தாத்தாவின் மடு நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு அதுதான் பெயர். நடுவில் உள்ளங்கையளவு தோல் கேடயம் பொருத்தியிருந்தது. பெட்டியில் பத்திரமாக இருப்பதாகவே நம்பியிருந்தோம். ஒரு நாள் திறந்தபோது கொம்புக்கு அடியில் பழுப்பு நிறத் தூள் குவிந்திருந்தது. தோலையும் கொம்பையும் தின்னும் வண்டு கேடயத்தில் பாதியை முடித்துவிட்டு, கொம்பிலும் ஊசித்துளைகள் இட்டிருந்தது. கொம்பு என்ன கல்லா, பூச்சி அரிக்காமல் இருக்க!

அதன் பிறகுதான் சட்டச் சிக்கலும் தெரிய வந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புல்வாய் இடம்பெற்றிருப்பதால், பரம்பரைச் சொத்தே ஆனாலும் உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதன் கொம்பை வைத்திருக்க முடியாது. இத்தகைய பொருள்களைத் தெரிவிப்பதற்கு 2003இல் 180 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தாத்தாவுக்கு அது தெரியவில்லை. கடைசியில் வனத்துறையிடம் ஒப்படைத்தோம். எடுத்துச் செல்லும் முன் அம்மா அதற்கு ஒருமுறை சந்தனம் வைத்தார்கள். பழம்பொருள் என்று சொல்லி யாராவது விற்க வந்தால், தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.

*

வட இந்தியாவில் வாள் ஏந்த இயலாத பக்கீர்களும் (இசுலாமியத் துறவிகள்) மற்றத் துறவிகளும் மான் கொம்பை வைத்திருந்ததால், வெள்ளைக்காரர்கள் இதற்குப் பக்கீர் கொம்பு என்றே பெயரிட்டார்கள். நான் கற்றதோ மரத்தில் செய்த போலி மான் கொம்பில். இன்று போட்டிகளிலும் மரம், இரும்பு ஆகியவற்றில் செய்தவற்றையே சுழற்றுகிறார்கள். விலங்குக்கு அது நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதல் பதிவில் சொல்லியிருக்கும் அந்த வழுக்கலை என் மரக்கொம்பில் நான் ஒருமுறையும் உணர்ந்ததில்லை; தச்சர் வளையங்களை ஆழமாக வெட்டியிருந்ததால், எதிராளியின் கம்பு அதில் வழுக்காமல் சிக்கி நின்றுவிடும். உளித்தடங்களை உப்புத்தாளால் தேய்த்துக் குறைத்த பிறகு இப்போது ஓரளவு ஓடுகிறது. இன்னும் தேய்க்க வேண்டும்.