"நீங்க எல்லாருமே அழகுதான்" என்று வகுப்பில் சொன்னால் சரியாகுமா?

கேட்டவர்: கொருக்குப்பேட்டை டியூஷன்

எட்டாவது முதல் பத்தாவது வரை 14 பெண் பிள்ளைகள், சாயங்கால வகுப்பு. கணக்குப் போடும்போது பாதியில் பேனாவை வைத்துவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்கிறார்கள். அணைந்த போன் திரையில் முகம் பார்க்கிறார்கள். போர்டுக்குக் கூப்பிட்டால் டாப்ஸைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டே வருகிறார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரையாவது அழைத்து, "எல்லா உடம்பும் அழகுதான்" என்று ஒரு மணி நேரம் பேச வைக்கலாமா? வேறு முறை இருந்தால் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: இரவல் கண்

பேச்சாளர் வேண்டாம்ங்க. காசும் போகும், காரியமும் கெடும்.

தன் உடம்பு பிடிக்காமல் இருப்பது ஒன்று. தன் உடம்பை வெளியே நின்று வேவு பார்த்துக்கொண்டே இருப்பது வேறு. இரண்டாவதைத்தான் செல்ஃப் ஆப்ஜெக்டிஃபிகேஷன் என்கிறார்கள்: அடுத்தவர் கண்ணை இரவல் வாங்கித் தன்னையே பார்ப்பது. "நான் அழகுதான்" என்று நம்புகிற பெண்ணுக்கும் இது இருக்கும், சில சமயம் கூடுதலாகவே. அதனால் "நீ அழகு" என்கிற பாராட்டும் பேச்சை உடம்பிடமே திருப்பிவிடுகிறது. தூங்கிக்கொண்டிருந்த இரவல் கண்ணைத் தட்டி எழுப்பின மாதிரி.

கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது? பார்பரா பிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 1997ல் இந்தக் கோட்பாட்டை எழுதினார்கள். 1998ல் அவர்கள் குழு அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை வைத்தது. தனி அறை, ஒரு கண்ணாடி; சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். போட்டுக்கொண்டே கணக்குத் தேர்வு. பார்க்க ஆளே கிடையாது. அப்படியும் நீச்சலுடை போட்ட பெண்களின் மதிப்பெண் இறங்கியது, ஆண்களுக்கு இறங்கவில்லை. கவனம் இருப்பது ஒரு குடம்தான். அதில் பாதி "எப்படித் தெரியறேன்"னு ஒழுகிப்போனால் மிச்சம்தான் கணக்குக்கு.

பதில்: அடிபம்ப்

செய்யக்கூடியது ஒன்று: உடம்பு என்ன *செய்கிறது* என்று எழுத வைப்பது. உளவியல் ஆய்வாளர் ஜெசிகா அலேவா குழு 2015ல் வெளியிட்ட முறை இது. ஒரு வாரத்துக்குள் 3 தடவை, தடவைக்கு 15 நிமிடம். முதல் தடவை புலன்களும் உடல் அசைவும், இரண்டாவது ஆரோக்கியமும் படைப்பு வேலையும், மூன்றாவது தன்னைக் கவனித்துக்கொள்வதும் மற்றவர்களோடு பேசிப் பழகுவதும். அவர்கள் சோதித்தது வயது வந்த இளம் பெண்களிடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 நிமிடமே போதும் என்பேன்.

எங்கே சொதப்பும்? "என் கால் நடக்க உதவுகிறது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியே "ஆனா குண்டா இருக்கு" என்று போய்விடும். அல்லது அறிவியல் புத்தகம் மாதிரி "இதயம் இரத்தத்தை இறைக்கிறது". இரண்டுமே வேலைக்கு ஆகாது. இன்றைக்கு நடந்த ஒரே ஒரு செயலைக் கேளுங்கள். அடிபம்ப் அடிக்கும்போது முதல் நாலு அடி காற்றாகப் போகும், பிறகு தண்ணீர் ஏறி கைப்பிடி கனக்கும். அந்தக் கனம் எங்கே தெரிந்தது, தோளிலா, அடிவயிற்றிலா? குடத்தை இடுப்பில் ஏற்றினதும் மூச்சு எப்படி மாறியது? இப்படிக் கேட்டால் உள்ளிருந்து எழுதுவார்கள். எழுதினதைச் சத்தமாகப் படிக்க வைக்காதீங்க. படிக்கவேண்டும் என்று தெரிந்தாலே கேட்பவர்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

பதில்: எம்.சி. ரோடு தையல்

ரெண்டு பேரும் பிள்ளைங்க மண்டையை மட்டும் பேசறீங்க. ரூமைப் பாருங்க முதல்ல. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தா துப்பட்டா பறக்கும், பிடிக்கத்தான் வேணும். அது மனநோய் இல்லை, காத்து. ரெண்டு தோள்லயும் பின் குத்திட்டா முடிஞ்சது. டாப்ஸை இழுக்கறதும் பாதி அளவுத் தப்புதான். ரெடிமேடில் மார்பளவு பார்த்து வாங்கறாங்க. வளர்ற வயசுல இடுப்புக்குக் கீழே பிடிக்கும், உட்கார்ந்து எழுந்தா மேலே ஏறும். பக்கவாட்டு ஓப்பனை 2 இன்ச் மேலே பிரிச்சு மடிச்சுத் தைச்சா இழுக்கிற வேலையே இல்லை. அளவு எடுக்கும்போது "குண்டாயிட்டியே"ன்னு வாய் விடாதீங்க, நம்பரை மட்டும் எழுதிக்கங்க.

தெருமுனையில பசங்க நிக்கிற இடத்துல ஒரு பொண்ணு துப்பட்டாவை இழுத்துப் போட்டா அது இரவல் கண்ணா? இல்லை, நிஜக் கண்ணு. அதுக்கு அவளை உட்கார வெச்சு நோட்டுல எழுத வைக்கறது அநியாயம்.

இரவல் கண்

தையல் அக்கா சொல்வது சரி. கோட்பாடே வெளிப்பார்வையில்தான் தொடங்குகிறது. அந்தப் பார்வை தினமும் கிடைத்துப் பழகித்தான் உள்ளே குடியேறுகிறது. வாசலில் கண்ணாடி மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். போர்டு வேலைக்கு ஒருத்தியைத் தனியாக நிற்க வைக்காமல் மூன்று பேராகக் கூப்பிடுங்கள்.

கொருக்குப்பேட்டை டியூஷன்

நன்றி அக்கா, ஃபேன் விஷயம் தோணவே இல்லை. மாற்றம் வந்ததா என்று எப்படி அளப்பது?

அடிபம்ப்

மெக்கின்லி, ஹைட் என்ற உளவியலாளர்கள் 1996ல் உருவாக்கிய 24 வாக்கியக் கேள்வித்தாள் இருக்கிறது: வேவு பார்த்தல், உடம்பைப் பற்றின வெட்கம், கட்டுப்பாட்டு நம்பிக்கை (முயன்றால் தோற்றத்தை மாற்றிவிடலாம் என்ற நினைப்பு), ஒவ்வொன்றுக்கும் 8. சிறு வயதினருக்கு 14 வாக்கிய வடிவம் தனியாக உண்டு, அதை எடுங்கள். தமிழாக்கத்தில்தான் வழுக்கும். 24 வாக்கியத் தாளில் வரும் "நான் எப்படித் தெரிகிறேன் என்று அரிதாகத்தான் நினைப்பேன்" மாதிரி வாக்கியத்துக்கு "ஒத்துக்கொள்ளவில்லை" என்று குறிக்கச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். "அவ்வளவா நினைக்கமாட்டேன்" என்று பேச்சு வழக்கில் மாற்றுங்கள். 1 முதல் 7 வரை அளவுகோல் என்றால், இப்படிப்பட்ட எதிர்மறை வாக்கியங்களின் மதிப்பெண்ணை 8லிருந்து கழித்துவிட்டுக் கூட்டுங்கள். மறந்தால் நல்லது கெட்டதாகத் தெரியும்.

ஒன்று: யாராவது தொடர்ந்து சாப்பாட்டைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டதும் பாத்ரூம் போய் வாந்தி எடுத்தாலோ, மூன்று மாதம் மாதவிலக்கு நின்றுபோனாலோ இந்த நோட்டு, கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். அம்மாவிடம் தனியாகப் பேசி டாக்டரிடம் அனுப்புங்கள். 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.