மொட்டை மாடியில் ஒன்பது மானிட்டர்

குழு: பழங்காநத்தம் வீடு

*சனிக்கிழமை*

பெரியம்மா: 🌺 அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🌺

அம்மா: (படம்)

அம்மா: இது என் மாடியா, கம்ப்யூட்டர் கடையா? விடியற்காலையில் எழுந்து கூழ் கிண்டிவிட்டு மேலே வந்தால் கால் வைக்க இடமில்லை. வத்தலை யார் தலையில் ஊற்றுவது?

சித்தப்பா: மதனி, நேற்று ராத்திரி குட்டியானையில் வந்து இறங்கியது இதுதானா? நான் யாரோ வீடு மாறி வருகிறார்கள் என்று நினைத்தேன்.

தம்பி: அம்மா, கத்த வேண்டாம். எங்கள் ஆபீஸ் புது இடத்துக்குப் போகிறது. பழைய சாமான் எல்லாவற்றையும் மொத்தமாக 6,500-க்கு எடுத்துக்கொண்டேன். பிரித்து எடைக்குப் போட்டால் இரண்டு மடங்கு வரும். ரெண்டே வாரம்.

நான்: என்னென்ன இருக்கிறது?

தம்பி: சிபியு பெட்டி 11, பழைய குண்டு மானிட்டர் 9, யுபிஎஸ் 4, லேசர் பிரிண்டர் 2. கீபோர்டு, வயர் எல்லாம் ஒரு சாக்கு.

சென்னை அண்ணன்: டேய், கில்லாடிடா நீ. உள்ளே தங்கம் இருக்கிறது தெரியுமா? ரேம் என்கிற மெமரி அட்டையில், போர்டில் எல்லாம். ஆசிட்டில் போட்டால் தங்கம் தனியாக வந்துவிடும். வீடியோ அனுப்புகிறேன்.

சென்னை அண்ணன்: (வீடியோ)

பெரியம்மா: தங்கமா?

அம்மா: தங்கம் இருந்தால் அந்த ஆபீஸ்காரர் ஏன் 6,500-க்குக் கொடுக்கிறார்?

நான்: அம்மா கேட்டது சரியான கேள்வி. செல்லூர் மாமா, எங்கே இருக்கிறீர்கள்? கொஞ்சம் வாங்க.

செல்லூர் மாமா: கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன் பாப்பா. இப்போதுதான் பார்க்கிறேன்.

செல்லூர் மாமா: மாப்ளே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாமே. முப்பது வருசமாக இதே தராசைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி: சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று நினைத்தேன் மாமா.

செல்லூர் மாமா: முதலில் தங்கத்தை முடித்துவிடுவோம். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ரேமின் ஓரத்தில் மஞ்சளாகத் தெரியும் பல்வரிசை, பிராசசரின் கால் எல்லாம் தங்க முலாம்தான். ஆனால் அது ஒரு மைக்ரான்கூட இருக்காது, பூச்சுக்கும் பூச்சு. தெற்கு ஆவணி மூல வீதியில் நகைப் பட்டறைத் தூசியைக் கூட்டி எடுக்கிறவனுக்கு உன்னைவிட அதிகம் கிடைக்கும்.

நான்: அந்த வீடியோவில் ஊற்றுவது நைட்ரிக் அமிலம். பழுப்பு நிறத்தில் கிளம்புகிறதே, அது நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சில் போனால் அப்போது பெரிதாகத் தெரியாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு சொட்டுக்கே ஜன்னலைத் திறந்து வைப்போம். இவர் மொட்டை மாடியில் வாளியில் வைத்துச் செய்யச் சொல்கிறார்.

சென்னை அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்லூர் மாமா: 😄

சித்தப்பா: தம்பி, மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருசம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் இல்லை என்று நினைக்காதே. சிபியு பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் டப்பா உள்ளே பெரிய கெபாசிட்டர் இருக்கும். நம் 230 வோல்ட் அதில் டிசியாக மாறி 325 வரைக்கும் ஏறி நிற்கும். இரண்டு நாள் சும்மா போட்டுவை, அப்புறமும் தொடுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பார். குண்டு மானிட்டர் அதைவிட மோசம். டியூபின் மேல் ரப்பர் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும், ஓடும்போது அதற்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். அணைத்த பிறகும் டியூப் அதைப் பிடித்துவைத்திருக்கும்.

சித்தப்பா: யுபிஎஸ்ஸில் முதலில் பேட்டரியைக் கழற்று. இல்லையென்றால் யுபிஎஸ் பிளக் இல்லாமலே ஷாக் கொடுக்கும், அதற்குத்தானே அதை வாங்குகிறோம்.

தம்பி: சரி சித்தப்பா. பிரிண்டரில் இதெல்லாம் இல்லையே?

சித்தப்பா: இருக்கிறது, குறைவு.

*ஞாயிற்றுக்கிழமை*

அம்மா: (குரல் செய்தி 0:47)

நான்: என்ன ஆச்சு?

அம்மா: அதுதான் சொன்னேனே. பிரிண்டரை உடைக்கிறேன் என்று உட்கார்ந்தான். கறுப்பாக ஒரு மாவு, குபீரென்று பறந்தது. கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டி நாலும் போச்சு. வெந்நீரில் ஊறப் போட்டிருக்கிறேன்.

நான்: ஐயோ, வெந்நீரில் போடாதீர்கள்! அது மை இல்லை, பிளாஸ்டிக் பொடி. சூடு பட்டால் உருகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். பிரிண்டர் காகிதத்தில் எழுத்தை ஒட்டுவதே அப்படித்தான். முதலில் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும்.

அம்மா: இதை ஊறப்போட்ட பிறகு சொல்கிறாய்.

செல்லூர் மாமா: டோனர் டப்பாவை எப்போதும் முதலில் முழுசாக வெளியே எடுத்து, ஒரு கவரில் கட்டிவிட்டு அப்புறம் ஸ்குரூ டிரைவரை எடு. பிரிண்டரில் கம்பியும் தகடும் நல்ல இரும்பு. குட்டி மோட்டார் நாலைந்து இருக்கும், அதைத் தனியாகப் போடு. மற்றதெல்லாம் பிளாஸ்டிக், இடத்தை அடைக்கும், எடை நிற்காது.

தம்பி: மாமா, இதைப் பாருங்கள்.

தம்பி: (படம்)

தம்பி: யுபிஎஸ் டிரான்ஸ்பார்மர். சும்மா கனக்கிறது. முழுக்கச் செம்பு! நாலு இருக்கிறது. செம்பு கிலோ 700 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செல்லூர் மாமா: கனக்கிறது என்றால் நடுவில் இரும்புத் தகடு அடுக்கியிருக்கிறது என்று அர்த்தம். கம்பி சிவப்பாகத் தெரிகிறதா? அது மேலே பூசிய வார்னிஷ் நிறம். பிளேடு எடுத்து ஒரு இடத்தில் சுரண்டிப் பார்.

தம்பி: சுரண்டினேன்.

செல்லூர் மாமா: என்ன நிறம்?

தம்பி: வெள்ளை.

செல்லூர் மாமா: அலுமினியம். விலை குறைந்த யுபிஎஸ்ஸில் அதுதான் சுற்றுவார்கள். மற்ற மூன்றையும் சுரண்டு.

தம்பி: ஒன்றுதான் செம்பு மாமா.

பெரியம்மா: கடவுள் ஒரு கதவை மூடினால் மறு கதவைத் திறப்பார் 🙏

தம்பி: வயர் சாக்கை எரித்துவிட்டால் செம்பு தனியாக வந்துவிடுமா? பக்கத்துக் காலி மனையில்...

நான்: வேண்டவே வேண்டாம். மேலே இருப்பது பிவிசி பிளாஸ்டிக். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டயாக்சின் என்று கொடிய நஞ்செல்லாம் கிளம்பும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

செல்லூர் மாமா: பாப்பா சொல்வது ஒரு பக்கம். வியாபாரம் தெரிந்தவனும் எரிக்க மாட்டான் மாப்ளே. எரித்த செம்பு கறுத்துப்போகும், விலையைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். உரித்த செம்புக்குத்தான் முழு விலை. உரிக்கப் பொறுமை இல்லையென்றால் வயராகவே கொண்டு வா, அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

செல்லூர் மாமா: முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். உடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு தடவை ஓட்டிப் பார். ஓடுகிற ரேம், ஓடுகிற எஸ்எம்பிஎஸ் என்றால் சர்வீஸ் கடைக்காரன் எண்ணிக்கைக் கணக்கில் எடுப்பான். எடைக்குப் போட்டால் அதே பொருள் டீக்காசு. என் கடைக்கு வந்துவிட்டால் எல்லாம் கிலோதான்.

தம்பி: இரண்டு பெட்டி நன்றாகவே ஓடுகிறது மாமா. ஆன் பண்ணினால் போன வருசக் கணக்கெல்லாம் அப்படியே வருகிறது.

நான்: என்ன கணக்கு?

தம்பி: கிளையன்ட் கணக்குதான். வருமான வரி, பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்.

நான்: அழிக்காமலா கொடுத்தார்கள்?

தம்பி: மற்றதையெல்லாம் பார்மேட் பண்ணிவிட்டதாகச் சொன்னார்கள்.

நான்: சாதாரணமாகப் பார்மேட் பண்ணுவது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது மாதிரி. பக்கமெல்லாம் உள்ளேயே இருக்கும், தெரிந்தவன் எடுத்துவிடுவான். அந்த 11 ஹார்ட் டிஸ்க்கும் மாமா கடைக்குப் போகக் கூடாது. நாளைக்குப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் ஆபீஸிலேயே, அவர்கள் கண் முன்னால் துளை போட்டுக் கொடு.

தம்பி: அக்கா, அதன் உடம்பு முழுக்க அலுமினியம். உள்ளே நல்ல காந்தம் இருக்கிறது.

நான்: ஊரார் பேங்க் கணக்கும் இருக்கிறது.

அம்மா: அக்கா சொல்கிறபடி செய்.

சித்தப்பா: துளை போடும்போது கண்ணாடி மாட்டிக்கொள். சிலதில் உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடியில் செய்திருப்பார்கள், சில்லு சில்லாகத் தெறிக்கும்.

*அடுத்த சனிக்கிழமை*

தம்பி: மானிட்டரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. ஒன்பது இருக்கிறது. பின்னால் செம்புக் காயில் இருக்கிறது, அதை உருவிக்கொண்டு மற்றதை மாமா எடுத்துக்கொள்வீர்களா?

செல்லூர் மாமா: எடுக்க மாட்டேன்.

தம்பி: கிலோ ஒரு ரூபாய்க்குக்கூடவா?

செல்லூர் மாமா: நீ எனக்குக் காசு கொடுத்தாலும் எடுக்க மாட்டேன். அந்தக் கண்ணாடியை வாங்க ஆள் இல்லை மாப்ளே. ஒரு காலத்தில் நாங்களும் கழுத்தை உடைத்துக் காயிலை உருவிக்கொண்டு, கண்ணாடியை ராத்திரியோடு ராத்திரியாக வைகைக் கரையில் கொட்டியிருக்கிறோம். எல்லாக் கடைக்காரனும் செய்தான், நானும் செய்தேன். அப்போது அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நான்: ஈயம். உள்ளே உண்டாகும் எக்ஸ்ரே வெளியே வராமல் இருக்கக் கண்ணாடியிலேயே கலந்திருப்பார்கள். முன் பக்கத்தின் உள்ளே பூசிய பொடியும் நல்லதில்லை. உடைக்காத வரைக்கும் ஒன்றும் செய்யாது.

செல்லூர் மாமா: இப்போது புரிகிறதா, உன் முதலாளி ஏன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார் என்று? பெட்டியை மட்டும் கேட்டிருந்தால் நானே போய் எடுத்திருப்பேன். உன்னிடம் விற்றது அந்த ஒன்பது தலைவலியை. பெட்டியைக் கூடச் சேர்த்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

தம்பி: 🤦

சித்தப்பா: அரசாங்கம் இதற்குச் சட்டம் போட்டிருக்கிறதே?

நான்: இருக்கிறது சித்தப்பா. 2022-இல் புது மின்கழிவு விதி வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆயிரம் சாமானோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பெரிய நிறுவனம் என்றால், பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சிக்காரர் இவர்களிடம்தான் கொடுத்தாக வேண்டும். இவன் ஆபீஸ் மாதிரிச் சின்ன இடம் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் பதிவு பெற்றவர்களிடம் கொடுப்பதுதான் முறை. யார் யார் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸில் கேட்கலாம்.

செல்லூர் மாமா: நானும் போர்டை உடைப்பதில்லை. முழுசாகச் சேர்த்துவைத்து லைசென்ஸ் உள்ள கம்பெனி வண்டி வரும்போது ஏற்றிவிடுவேன். மானிட்டரையும் முழுசாகக் கொடுத்தால் அந்த வண்டியில் ஏற்றச் சொல்லிப் பார்க்கிறேன். காசு கிடைக்காது, வாடகை கேட்பான். காயிலில் மட்டும் கை வைத்துவிடாதே. செம்பு போன வெறும் டியூப் என்றால் அவனும் தொட மாட்டான்.

அம்மா: சித்திரைத் திருவிழாவுக்குச் சிவகங்கையிலிருந்து ஆள் வருவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் மாடி காலியாக வேண்டும். மாடியில்தான் படுக்கை.

*ஞாயிற்றுக்கிழமை*

தம்பி: கணக்கு முடிந்தது. ஒன்பது பெட்டியும் பிரிண்டரும் சேர்த்து இரும்பு 52 கிலோ, 28 வீதம் 1,456. அலுமினியம் மூன்றரைக் கிலோ, 525. செம்பு 900 கிராம், 630. போர்டு எல்லாம் சேர்த்து 1,250. யுபிஎஸ் பேட்டரி நாலும் பேட்டரிக் கடையில் கொடுத்தேன், 720. ரேமும் இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸும் சர்வீஸ் கடையில் 1,400. ஆக மொத்தம் 5,981. செலவு 6,500, வண்டி வாடகை 800.

சித்தப்பா: 1,319 நட்டம்.

அம்மா: நாலு வேட்டியைச் சேர்க்கவில்லை.

தம்பி: ஓடுகிற இரண்டு கம்ப்யூட்டரையும் கணக்கில் சேர்க்கவில்லையே. ஒன்றுக்குப் புது டிஸ்க் போட்டுச் சித்தப்பா பேத்திக்குக் கொடுக்கிறேன்.

சென்னை அண்ணன்: டேய், ரேமை வெறும் ரேமாகவா விற்றாய்? அதில் தங்கம்...

செல்லூர் மாமா: மருமகனே, நீ சென்னையிலேயே இரு.

செல்லூர் மாமா: நட்டம் பெரிதில்லை மாப்ளே. கை சுத்தமாக இருக்கிறது உனக்கு. ஒரு ஸ்குரூகூடக் கலக்காமல் பிரித்துக் கொண்டுவந்தாய். அடுத்த தடவை வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் அடி, போதும்.

அம்மா: அடுத்த தடவையா?

அம்மா: (படம்)

அம்மா: வத்தல் ஊற்றியாச்சு. காற்றுக்குத் துணி பறக்காமல் நாலு மூலைக்கும் நாலு மானிட்டர் வைத்திருக்கிறேன். நன்றாகத்தான் நிற்கிறது. மீதி ஐந்தை எப்போது எடுக்கிறீர்கள் அண்ணே?