செக்யூரிட்டி பழைய ஆமிக்காரர்: நிப்பாட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு, என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை_மூண்டாம்மாடி:

வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில ஆறு மாடி ஃப்ளட்ஸ். நான் கமிற்றிப் பொருளாளர், வேற ஒருத்தரும் கை தூக்காததால வந்த பதவி.

எங்கட இரவு செக்யூரிட்டி அநுராதபுரப் பக்கத்து ஆள், நாற்பதைத் தாண்டியிருக்கும். 2006 ஒக்ரோபர் முகமாலைச் சண்டையில மிதிவெடிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழ போச்சு. இப்ப ஏழு வீட்டுக்காரர் ஒப்பம் வச்சுக் கடிதம் தந்திருக்கினம். கறன்ற் போனா ஓடிப்போய் ஜெனரேற்றர் போட ஏலாதாம். நடுச்சாமத்தில காலைக் கழட்டிக் கதிரையோட சாத்தி வைக்கிறார், பிள்ளையள் பயப்பிடுதுகளாம். நடுச்சாமத்தில எந்தப் பிள்ளை கீழ நிக்குது எண்டு கேட்டன், பதில் இல்லை. உள்காரணம் என்ன எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்கும் ஆரம்பத்தில ஒரு மாதிரித்தான் இருந்தது. எங்கட ஊர் மிருசுவில். ஒருநாள் பிந்தி வந்தனான், ஊரைக் கேட்டார், சொன்னன். உடன விசிற்றர்ஸ் புத்தகத்தின்ர கடைசித் தாளில ஏ9 றோட்டைக் கீறினார். இந்தப் பக்கம் கிளாலி, இதில தென்னங்காணி, இதில ஒரு பெரிய கட்டுக் கிணறு. எழுதுமட்டுவாளில அந்தக் கிணத்திலதான் தாங்கள் குளிச்சதாம், தண்ணி நல்ல இனிப்பாம். அது எங்கட சின்னம்மான்ர கிணறு. 2000ஆம் ஆண்டு ஆனையிறவு விழுந்த நேரம் வெளிக்கிட்டவ, செத்தது மானிப்பாயில, வாடகை வீட்டில. அவ கடைசிவரைக்கும் சொன்னதும் அந்தத் தண்ணியைப் பற்றித்தான். அவர் சந்தோசமாக் கீறிக்கொண்டிருக்கிறார். நான் "குட் நைட்" சொல்லிப்போட்டு லிஃப்ற்றில ஏறினன். அந்தத் தாளைப் பிறகு கிழிச்செடுத்து வச்சிருக்கிறன், ஏனெண்டு கேக்காதேங்கோ.

ஏழு ஒப்பத்துக்கும் நான் மறுமொழி சொல்லுவன். ஒப்பம் வைக்காத ஒராள்தான் பிரச்சினை. ஐஞ்சாம் மாடி அன்ரி. 2008ல மகனை வெள்ளை வானில கொண்டு போனவங்கள், இண்டைவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. இந்தாள் வேலைக்கு வந்து பதினொரு மாசம். அண்டு தொடக்கம் அவ விடிய அஞ்சரைக்குக் கோயிலுக்குப் போறது முன் கேற்றால இல்லை, குப்பை வாளியள் நிக்கிற பின் கேற்றால. ஈரத்தில சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு போறா. ஒருத்தரிட்டயும் ஒரு சொல் முறைப்பாடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மீற்றிங். நான் என்ன சொல்ல?

கொட்டாஞ்சேனைக்காரி:

அண்ணே, 2007 ஜூன் 7 விடியக்காலை பொலிஸ் வந்து எங்க பெரியம்மாவ லொட்ஜ்ல இருந்து எழுப்பி, கொழும்பை விட்டு அனுப்ப பஸ்ல ஏத்தினாங்க. உடுப்பு மாத்த அரை மணி நேரம் குடுத்தாங்களாம். அன்னைக்கு ஏத்தினது 376 தமிழ் ஆக்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்ததாலதான் திரும்பி வந்தாங்க. அதனால ஆமி, பொலிஸ்னு சொன்னா எனக்கு உருகாது.

ஆனா ஒண்ணு பாருங்க. 2009 மே மாசம் சண்டை முடிஞ்சதும் "ரணவிரு" (போர்வீரர்)ன்னு மூலைக்கு மூலை கட் அவுட். அடுத்த வருஷமே நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ கொண்டு வந்தாங்க. அதே பொடியன்மாரு கொழும்புல கல்லுப் பதிச்சு, வெள்ளையடிச்சு, புல்லு வெட்டினாங்க. காலிமுகத்திடல்ல ஆமி தலைமையகம் இருந்த காணியில இப்ப ஷங்ரிலா. பெரிய ஆக்கள் தூதுவரா வெளிநாடு போனாங்க. கால் போனவங்க பென்ஷன் கேட்டு கோட்டையில ரோட்டுல உக்காந்திருந்தாங்க, நான் வேலைக்குப் போற பஸ்ல இருந்து பாத்தேன். உங்க ஆள் உங்க கேட்ல பன்னிரண்டு மணி நேரம் நிக்கிறார். அவரை நிப்பாட்டி யாரைப் பழிவாங்கப் போறீங்க?

மயிலிட்டியான்:

நல்லாத்தான் உருகுறியள். 1990ல நாங்கள் விட்டுட்டு வந்த காணி இண்டைக்கும் ஆமி வேலிக்கு உள்ள. 2017ல மயிலிட்டித் துறைமுகத்தை விட்டவங்கள், எங்கட துண்டு வரேல்ல. காங்கேசன்துறையில ஆமி தல்செவன எண்டு ஹோட்டல் நடத்துது. ஒருக்கா போய் இறால் பொரியல் சாப்பிட்டுக் காசு கட்டினனான். பில்லைப் பத்திரமா வச்சிருக்கிறன், காணி உறுதியோட சேத்து.

செக்யூரிட்டி நல்ல மனுசனாவே இருக்கட்டும். அந்தத் தாய் ஏன் குப்பை வாளிக்கால நடக்கோணும்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ.

பென்சன்கிளார்க்:

இவ்விடத்தில் ஒன்று சொல்லலாமா? 1955இல் இலங்கை இராணுவத்தின் முதல் சுதேசத் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதி ராஜன் கதிர்காமர். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்களைப் பெருமையாகச் சொல்லுவார்கள். 1962இல் சில அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்க்கச் செய்த சதி முயற்சிக்குப் பிறகு படைகளின் முகமே மாறிவிட்டது. 2017இல் ட்ராவிஸ் சின்னையா கடற்படைத் தளபதியானார், இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூட. கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரியும். வாசலில் நிற்பவரை "அவங்கட ஆமி" என்று நாங்கள் சொல்லாத ஒரு காலமும் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்காரி:

ஐயா, மீட்டிங் ஞாயித்துக்கிழமை.

தெமட்டகொட_சுப்பர்வைசர்:

நான் பதினாலு வருஷமா செக்யூரிட்டி வேலைதான். எங்கட ஆக்கள்ள பாதி பழைய ஆமி. 2023 ஜனவரில சொன்னாங்களே, ஆமியில 200,783 பேரை 2030ல ஒரு லட்சமாக் குறைக்கிறதுன்னு. இன்னும் நிறையப் பேர் இந்தக் கதிரைக்குத்தான் வருவாங்க, பழகிக்கோங்க.

மொதல்ல கம்பெனிக்கிட்ட அவருக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுறாங்களான்னு எழுத்துல கேளுங்க. நீங்க கட்டுற காசுல அவர் கைக்கு எவ்வளவு போகுதுன்னும் கேளுங்க, வாய் பிளந்துருவீங்க. ரெண்டாவது, கால். ராத்திரி கழட்டுறார்னா குழி லூசாகி தோல் உரசுதுன்னு அர்த்தம். ராகமல ஆமி நடத்துற ரணவிரு செவன புனர்வாழ்வு நிலையத்துல காட்டலாம். அங்க லேட்டாகும்னா கொம்பனித்தெரு ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி, ஜெய்ப்பூர் கால் செய்யிற இடம். வாப்பாக்கு சீனி வருத்தத்துல கால் எடுத்த நேரம் அங்கதான் போனேன். பெஞ்சில வாப்பாக்கு ஒரு பக்கம் கிளிநொச்சிப் பொடியன், மத்தப் பக்கம் ஆமிக்காரர். மூணு பேரும் கழட்டின காலை மடியில வெச்சுக்கிட்டு எந்த உறை வேர்க்காதுன்னு கதைச்சிட்டு இருந்தாங்க.

மூணாவது, அந்த அன்ரிக்கிட்ட நீங்க கேட்டீங்களா? இங்க எல்லாரும் அவங்களுக்காகப் பேசுறோம்.

வெள்ளவத்தை_மூண்டாம்மாடி:

கேக்கேல்ல. சுப்பர்வைசர் எழுதினதைப் பாத்திட்டுத்தான் சனிக்கிழமை பின்னேரம் போனன். தேத்தண்ணி தந்தா. மகன்ர படத்துக்குக் கீழதான் என்னை இருத்தினவ. நான் சுத்தி வளைச்சு, ஆளை நிப்பாட்டவா, வேற கட்டடத்துக்கு மாத்தச் சொல்லவா எண்டு கேட்டு முடிச்சன். அவ கனநேரம் பேசேல்ல. பிறகு, "பின்பக்கம் லைற் இல்லைத் தம்பி" எண்டா. அவ்வளவுதான். நான் கேட்டதுக்கு அதுதான் மறுமொழியோ, இல்லாட்டி கதையை மாத்தினாவோ தெரியேல்ல. திரும்பக் கேக்க வாய் வரேல்ல.

மீற்றிங்கில ஏழு ஒப்பத்தில மூண்டு பேர்தான் வந்தவை. ஜெனரேற்றருக்குத் தானா ஸ்ராட் ஆகிற சுவிச் போடுறது எண்டு முடிவு. ஆள் நிக்கிறார். கம்பெனிக்கு ஈபிஎஃப் கடிதம் போட்டாச்சு, மறுமொழி இல்லை. கொம்பனித்தெருவுக்கு வியாழக்கிழமை நான்தான் கூட்டிக்கொண்டு போறன்.

பின் கேற்றுக்கு பல்ப் போட்டு, நிலத்துக்கும் சீமெந்து பூசியாச்சு. குப்பை வாளியள் மற்றப் பக்கம். அன்ரி இண்டைக்கு விடியவும் அதாலதான் போனவ.